நத்தார்க் கொடையும் உழைப்பின் உரிமையும்



யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, நல்லூரையும் இருபாலையையும் கடந்து நாம் சேரும் ஊர் கோப்பாய். செம்மண் தோட்டங்களும், கிழக்கே நீரேரியை நோக்கிச் செல்லும் வயல்களும் அவ்வூரின் பழைய செல்வம். திராவிடப் பிரகாசிகை இயற்றிய சபாபதி நாவலர் பிறந்த மண் அது. 1818ஆம் ஆண்டில் நல்லூரிலே பணி தொடங்கிய சேர்ச் மிஷன் சங்கத்தார் பின்னர் நிலையம் அமைத்து, ஆசிரியர்களைப் பயிற்றிய இடமும் அதுவே. சைவமும் கிறிஸ்தவமும் அயலயலாக வாழப் பழகிய ஊர் அது. இன்று அங்கே ஆசிரிய கலாசாலை உண்டு. கல்வியியற் கல்லூரி உண்டு. வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் பாடசாலைகளும் கடைகளும் உண்டு. ஆகவே தோட்டஞ் செய்வாரோடு, மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வாரும் நாட்கூலியை நம்பி வாழ்வாரும் அங்கே பலர்.

டிசம்பர் மாதம் பிறந்ததும் அவ்வூரின் தோற்றம் மாறுகின்றது. வடகீழ்ப் பருவமழையால் வயல் பசுமை கொள்ளுகின்றது. விடியற்காலத்திலே திருவெம்பாவைச் சங்கொலி கேட்கின்றது. அதே நாட்களிலே கிறிஸ்தவர் வீடுகளிற் பாலன் குடில் எழும்புகின்றது. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒளிவிழா நடைபெறுகின்றது. கிறிஸ்மஸ் என்று உலகம் வழங்கும் பெருநாளை நாம் நத்தார் என்கின்றோம். பிறப்பு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது அது. போர்த்துக்கேயர் போய்விட்டனர், சொல் நம்முடையதாகி நின்றுவிட்டது.

இந்தக் காலத்திலே வேலைத்தலங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஆண்டு முழுவதும் உழைத்தவருக்கு முதலாளி என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது ஒன்று. பல சமயத்தார் கூடி வேலை செய்யும் இடத்திலே, ஒருவர் மனமும் நோகாமல் விழாவை எவ்வாறு நடத்துவது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றிச் சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

கொடுப்பதைப் பற்றிப் பேசுமுன், கொடுக்கப்படுவது எத்தன்மையது என்று தெளிதல் வேண்டும். சம்பளம் ஒன்று, சட்டப்படி செலுத்தவேண்டிய நிதி ஒன்று, முற்பணம் ஒன்று, போனஸ் ஒன்று, அன்பளிப்பு ஒன்று. இவை ஐந்தும் வெவ்வேறானவை. ஆண்டிறுதியிலே வேலைத்தலங்களில் உண்டாகும் மனக்கசப்பிற் பெரும்பகுதி, இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக எண்ணுவதால், அல்லது எண்ணச் செய்வதால் விளைவதாகும்.

வள்ளுவப் பெருந்தகை ஈகையைப்பற்றி ஓரதிகாரம் வகுத்தார். ஆராய்ந்து அறிந்து ஒருவரிடம் தொழிலை ஒப்படைப்பதைப் பற்றியும் தெரிந்து வினையாடல் என்று ஓரதிகாரம் வகுத்தார். முன்னதை அறத்துப்பாலிலே இல்லறவியலில் வைத்தார். பின்னதைப் பொருட்பாலில் வைத்தார். வேலை வாங்குவது ஒரு துறை. ஈவது மற்றொரு துறை. ஈகை என்னும் போர்வையால் வேலையின் கடனை மூடலாகாது என்பதற்கு இந்த வைப்புமுறையே நமக்கு ஒரு குறிப்பாகின்றது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வீதியோரத்துக் கடையொன்றிலே ஒருவர் மாதம் 40,000 ரூபா சம்பளத்துக்கு வேலை செய்கின்றார் என்று கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்டது ஊழியர் சேமலாப நிதி. அதற்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், முதலாளியின் கையிலிருந்து நூற்றுக்கு 12 வீதமும் செல்லுதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் செலுத்துதல் வேண்டும். ஆகவே முதலாளி தம் பங்காக மாதந்தோறும் 4,800 ரூபாவும் 1,200 ரூபாவும், ஆகமொத்தம் 6,000 ரூபா செலுத்தக் கடமைப்பட்டவர். ஓராண்டுக்கு இது 72,000 ரூபா.

இனி, இந்த நிதிகளுக்கு ஒரு சதமும் கட்டாத முதலாளி ஒருவர், நத்தாருக்கு முதல்நாள் அந்த ஊழியரை அழைத்து, ஒரு சேலையும் ஒரு கேக்கும் 5,000 ரூபாவும் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கண் கலங்குகின்றார். ஊரும் முதலாளியைத் தருமவான் என்கின்றது. ஆனால் கணக்கு என்ன சொல்லுகின்றது? 72,000 ரூபா போன வழி தெரியவில்லை. 5,000 ரூபா புகழாக வந்து நிற்கின்றது. அந்த ஊழியர் அறுபது வயதில் வேலையை விட்டு நீங்கும்போது, சேலை கிழிந்திருக்கும். கேக் நினைவிலும் இராது. சேமலாப நிதியிலே அவருடைய பெயருக்குப் பணம் இருந்தாலல்லவோ அது அவருக்குத் துணையாகும்?

கடையிலே ஒரேயொருவரை வைத்திருப்பவருக்கும் இந்தக் கடமை உண்டு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில், ஐந்தாண்டு சேவையை நிறைவு செய்த மாதச் சம்பளகாரருக்கு, ஒவ்வோராண்டுச் சேவைக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைத்தல் வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே ஆண்டிறுதியிலே முதலாளி செய்யத்தக்க முதலாவது காரியம், பரிசுப் பொருட்களைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போவதன்று. தம்முடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து, செலுத்தவேண்டியவை செலுத்தப்பட்டனவா என்று பார்ப்பதேயாகும்.

அடுத்து முற்பணம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்குத் தீபாவளி முற்பணம் கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அரசாங்க ஊழியருக்கும் பண்டிகை முற்பணம் உண்டு. இவை வேண்டியவைதாம். கையிற் காசில்லாத வேளையிலே வட்டிக்காரனிடம் போகாமல் மனிதரைக் காப்பவை. ஆயினும் முற்பணம் என்பது கொடையன்று. நாளை வரவேண்டிய நம்முடைய சம்பளம் இன்று வருவதே அது. பின்னர் தவணை தவணையாக அது கழிக்கப்படும். முற்பணத்தைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. அதை வாங்கியவர் வருமானம் பெருகியதென்று எண்ணிச் செலவிடுவதும் பொருந்தாது.

இதனோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. பண்டிகையை முன்னிட்டு டிசம்பர்ச் சம்பளத்தை 20ஆந் திகதியே கொடுத்துவிடுவது சில இடங்களில் வழக்கம். நல்லெண்ணத்தினாற் செய்வதே. ஆனால் அடுத்த சம்பளம் ஜனவரி 31ஆந் திகதிதான் வருமாயின், இடையிலே 42 நாட்கள் கிடக்கின்றன. அந்த நாற்பத்திரண்டு நாட்களுக்குள்ளேதான் புத்தாண்டு வருகின்றது, தைப்பொங்கல் வருகின்றது, பிள்ளைகளின் கொப்பி, புத்தகம், சப்பாத்து என்ற செலவுகளும் வருகின்றன. நத்தாரிலே சிரித்த முகம் பொங்கலிலே வாடுவதற்கு இது ஒரு காரணம். சம்பளத்தை முன்னரே கொடுப்பவர், ஜனவரி நடுவிலே ஒரு பகுதியைக் கொடுப்பதற்கும் ஒழுங்கு செய்தால் அந்த உதவி முழுமைபெறும்.

இனிப் போனஸைப் பற்றிப் பார்ப்போம். போனஸ் என்பது முதலாளியின் கருணையா, தொழிலாளியின் உரிமையா என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்துவந்தது. 1917ஆம் ஆண்டிலே அகமதாபாத்திற் கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாமலிருக்கும்பொருட்டு ஆலை முதலாளிகள் சம்பளத்தோடு ஒரு மேற்தொகையைக் கொடுத்தார்கள். நோய் தணிந்தது, தொகையை நிறுத்த முற்பட்டார்கள். ஆனால் அதற்கிடையிலே பொருள்களின் விலை ஏறியிருந்தது. தொழிலாளர் நூற்றுக்கு 35 வீத உயர்வு கேட்டனர்; முதலாளிகள் 20 வீதத்துக்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் தொழிலாளர் பக்கம் நின்று, 1918 மார்ச்சிலே உண்ணாநோன்பு மேற்கொண்டார். முடிவிலே மத்தியத்தர் தீர்ப்பு 35 வீதத்தையே வழங்கிற்று. இதிலிருந்து நாம் அறிவது என்ன? தன் தேவைக்காக ஒருவர் கொடுக்கத் தொடங்கியதை, தேவை தீர்ந்ததும் கருணையென்று சொல்லி நிறுத்த முடியாது. வாங்கியவரின் அடுப்பு அந்தத் தொகையை நம்பி எரியத் தொடங்கிவிடுகின்றது.

பின்னர் 1965ஆம் ஆண்டில் இந்தியாவிலே போனஸ் கொடுப்பனவுச் சட்டம் பிறந்தது. அதன்கீழ்க் குறைந்த அளவு பிற்காலத்தில் நூற்றுக்கு 8.33 வீதமாக உயர்ந்தது. அதாவது, ஆண்டுச் சம்பளத்திலே பன்னிரண்டில் ஒரு பங்கு. பிலிப்பைன் நாட்டிலே 1975ஆம் ஆண்டிற் பிறந்த ஆணை, பதின்மூன்றாம் மாதச் சம்பளம் ஒன்றை டிசம்பர் 24ஆந் திகதிக்குப் பிந்தாமற் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. நம் இலங்கையிலே தனியார் துறையினர் எல்லோருக்கும் பொதுவாகப் போனஸைக் கட்டாயமாக்கிய சட்டம் இல்லை. ஒப்பந்தமும், கூட்டு உடன்படிக்கையும், நிறுவனத்தின் வழக்கமுமே அதை நிர்ணயிக்கின்றன. சட்டம் வகுக்காத இடத்திலே நியாயம் வகுக்கவேண்டிய பொறுப்பு முதலாளியின் மனச்சாட்சியைச் சேருகின்றது.

அந்த நியாயத்தை எப்படி வகுப்பது? ஒரு சிறிய கணக்கைச் சொல்லுகின்றேன். கடதாசியும் பென்சிலும் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒரு கடையிலே ஐந்து பேர் வேலை செய்கின்றார்கள். முதலாளி ஒரு லட்சம் ரூபாவைப் போனஸுக்கென்று ஒதுக்குகின்றார். அதிற் பாதியை, அதாவது 50,000 ரூபாவை, எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 10,000 ரூபா. மற்றப் பாதியைச் சேவைக் காலத்தின்படி பங்கிடலாம். ஐவரின் சேவை முறையே பத்து, ஆறு, ஐந்து, மூன்று, ஒன்று ஆண்டுகள் என்றால், மொத்தம் 25 ஆண்டுகள். ஆண்டொன்றுக்கு 2,000 ரூபா. எனவே மூத்தவருக்கு 30,000 ரூபாவும், அடுத்தவர்களுக்கு 22,000, 20,000, 16,000 ரூபாவும், புதியவருக்கு 12,000 ரூபாவும் வரும். புதியவர் வெறுங்கையோடு போகவில்லை. பழையவரின் உழைப்பும் மறக்கப்படவில்லை. தனக்கு ஏன் இவ்வளவு என்று யார் கேட்டாலும் விடை சொல்லலாம். அந்த விடை சொல்லக்கூடிய தன்மையே நியாயத்தின் அடையாளம்.

இவ்வாறான விதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் அறிவித்துவிடுதல் நன்று. இலாபம் குறைந்த ஆண்டிலே தொகை குறையலாம், விதி மாறலாகாது. கூட்டித் துடைப்பவரையும், இரவுக் காவலாளியையும், தற்காலிக ஊழியரையும் கணக்கிலிருந்து நீக்கலாகாது. பணத்தை 24ஆந் திகதி மாலை கடை பூட்டும் வேளையிற் கொடுப்பதிலும் பயனில்லை. பிள்ளைக்குச் சட்டை தைக்கவும், வீட்டுக்குச் சாமான் வாங்கவும் நாள் வேண்டும் அல்லவா? இரண்டு கிழமைக்கு முன்னராவது கொடுப்பதே கொடுப்பு. சபையிலே பெயர் கூப்பிட்டுத் தொகையை வாசிப்பதைவிட, உறையிலிட்டுத் தனியே கையிற் கொடுத்து, அவர் செய்த நல்ல வேலை ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொல்வது மேலானது. ‘நீர் நன்றாக வேலை செய்தீர்’ என்று பொதுவாகச் சொல்வதிலும், ‘வெள்ளம் வந்த அன்று இரவு நின்று மூட்டைகளை உயரத்தில் ஏற்றினீரே, அதை நான் மறக்கவில்லை’ என்று சொல்வது வாங்குபவர் உள்ளத்தில் நிற்கும்.

எம்முடைய யாழ்ப்பாணத்திலே பழைய கொடை வழக்கங்கள் பல உண்டு. சித்திரைப் புத்தாண்டிலே பெரியவர்கள் கைவிசேடம் கொடுப்பது இனிய வழக்கம். தொகை சிறிதாயினும் வாழ்த்துப் பெரிது. ஆனால் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊர்த்தொழில் செய்த மக்கள் பண்டிகை நாட்களிலே பெரிய வீடுகளின் பின்வளவில் வந்து காத்து நின்று, நெல்லும் பழந்துணியும் பலகாரமும் வாங்கிப் போனார்கள். அது கொடை என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது ஆண்டு முழுவதும் செய்த வேலையின் கூலியிற் கொடாமல் விட்ட பகுதியே. அந்தக் கொடையோடு கூட, குனிந்து நிற்கவேண்டும் என்ற கட்டளையும் சேர்ந்தே வந்தது. பின்வளவில் நின்று வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் எழுதுவினைஞராகவும் முன்வாசலால் வருகின்றார்கள். ஆகவே இக்காலத்து முதலாளி கொடுக்கும்போது, தம்முடைய கை அந்தப் பழைய கையின் சாயலைக் கொண்டிருக்கின்றதா என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1843ஆம் ஆண்டிலே ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதையை உங்களிற் பலர் பள்ளிக்கூடத்திற் படித்திருப்பீர்கள். உலோபியாகிய ஸ்குரூஜ் மனம் திருந்தியதும், தம் எழுதுவினைஞரின் வீட்டுக்கு ஒரு பெரிய வான்கோழியை, அனுப்பியவர் யாரென்று அறிவியாமலே அனுப்புகின்றார். கதை அதனோடு முடிந்திருந்தால் அது வெறும் இரக்கக் கதையாகியிருக்கும். மறுநாட் காலை அவர் கந்தோருக்குப் போய், அந்த மனிதருடைய சம்பளத்தை உயர்த்துவதாகவும் சொல்லுகின்றார். விருந்து ஒருநாளைக்கு; சம்பளம் ஆண்டு முழுவதற்கும். இரண்டும் சேர்ந்ததாலேதான் திருந்தியது மெய் என்று நாம் நம்புகின்றோம்.

இனி விழாவின் பக்கம் திரும்புவோம். அலுவலகங்களில் நடைபெறும் ஒளிவிழா ஓர் அழகிய வழக்கம். சைவப் பிள்ளை கரோல் கீதம் பாடுவதையும், கிறிஸ்தவ ஆசிரியர் தைப்பொங்கற் பானைக்கு விறகு எடுத்துக் கொடுப்பதையும் நாம் கண்டு மகிழ்ந்திருக்கின்றோம். இந்த நல்வழக்கம் கெடாமலிருக்கச் சில காரியங்களிற் கவனம் வேண்டும்.

முதலாவது, காசு. விழாவுக்கென்று எல்லோரிடமும் ஒரே தொகை பிரிப்பது சமத்துவம் போலத் தோன்றும். மேலதிகாரிக்கு 1,000 ரூபா ஒரு பொருட்டன்று. சிற்றூழியருக்கு அது ஒருநாட் சமையல். சம்பளத்துக்கு ஏற்பப் பிரிப்பதும், கொடாதவர் பெயரை ஒருவரும் விசாரியாமல் விடுவதும் முறை. சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றும் வழக்கம் இருந்தால், பொருளின் விலைக்கு ஓர் எல்லை விதித்தல் வேண்டும். மேலதிகாரிக்கென்று ஊழியர் கூடிப் பரிசு வாங்கும் வழக்கத்தை அந்த மேலதிகாரியே முன்வந்து தடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, உணவு. நத்தார் வரும் நாட்கள் சைவர்களின் விரத நாட்களும் ஆகும். கார்த்திகைப் பூரணைக்குப் பின் தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை விரதம் இருபத்தொரு நாட்கள் நடைபெறும். மார்கழியிலே திருவெம்பாவை வரும். மச்சம் உண்ணாதோர் பலர் இருப்பர். அவர்களுக்குச் சமையலைத் தனியே செய்து, தனிக் கரண்டியோடு வைத்தல் வேண்டும். ஓரத்தில் ஒரு தட்டு வடையை வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருத்தல் ஆகாது. முஸ்லிம் சகோதரர் இருந்தால் அவர்களுடைய உணவு முறையையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். மதுவை வேலைத்தல விழாவிற் சேர்க்காமலிருப்பதே எல்லோருக்கும் நன்று. குடியால் நொந்த குடும்பத்திலிருந்து வருபவர் யார் என்பது நமக்குத் தெரியாது.

மூன்றாவது, நேரம். மழைக்காலத்திலே மாலை ஆறு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். கைதடி, அச்சுவேலி என்று தூர இடங்களுக்குப் பஸ்ஸிலே செல்லவேண்டிய பெண் ஊழியர்களை இரவுவரை இருத்திவைத்து, அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க நாம் மகிழ்வது மகிழ்ச்சியாகாது. விழா மதியத்தோடு முடியட்டும். முடிந்தபின் கோப்பைகளைக் கழுவுபவர் யார் என்பதையும் முன்னரே தீர்மானிக்கட்டும். வழக்கமாகக் கழுவும் அம்மா அன்று மேசையிலிருந்து உண்ண, எப்போதும் உத்தரவிடும் ஐயா அன்று பரிமாறினால், அதைவிடச் சிறந்த நத்தார்ப் பிரசங்கம் வேறில்லை.

நான்காவது, விருப்பம். வர விரும்பாதவரை வருமாறு நெருக்கலாகாது. அலுவலகத்தில் கிறிஸ்தவர் இருவரே இருந்தால், விழாப் பாரம் முழுவதையும் அவர்கள் தலையில் வைப்பதும் தகாது. அவர்களைக் கேளாமலே எல்லாவற்றையும் செய்வதும் தகாது. துயரத்தில் இருப்பவரையும் நினைத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாட் காலை, ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் வாரிச் சென்றது. அன்று உறவை இழந்தவர் நம் அலுவலகத்திலும் இருக்கக்கூடும். அந்த நாளை அடுத்து இசைக் கச்சேரி வைக்க நினைப்பவர், ஒரு வார்த்தை கேட்டுச் செய்யட்டும்.

நத்தார் தினத்திலும் வேலை செய்பவர்களை நாம் மறந்துவிடலாகாது. நத்தாரும் தைப்பொங்கலும் கடை, அலுவலக ஊழியருக்குச் சம்பளத்தோடு கூடிய சட்டரீதியான விடுமுறைகள். அன்று வேலை வாங்கினால் மாற்று விடுமுறையோ மேலதிக ஊதியமோ கொடுத்தல் வேண்டும். வைத்தியசாலைத் தாதியரும், பஸ் சாரதியும், காவலாளியும் பண்டிகை பாராது கடமையில் நிற்கின்றார்கள். கிறிஸ்தவத் தாதி வீடு செல்ல, சைவத் தாதி அவரிடத்தில் நிற்பதும், பொங்கலன்று அந்த முறை மாறுவதும் எந்தச் சட்டமும் விதியாத ஒழுங்கு. அத்தகைய மாற்றத்துக்கு இடமளிக்கும் பொறுப்பாளர், ஒரு சதமும் செலவின்றி ஒரு பெரும் பரிசை வழங்குகின்றார்.

கையிற் பணமில்லாத சிறு முதலாளிக்கும், கூலியாள் இருவரை வைத்து வெங்காயம் நடும் தோட்டக்காரருக்கும் இது பொருந்தும். கொடுக்க முடியாத ஆண்டிலே அதை ஒளியாமல் முன்னரே சொல்லலாம். நிலுவைக் கூலியைப் பண்டிகைக்கு முன் தீர்க்கலாம். அரைநாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பலாம். அடுத்த ஆண்டு இன்ன மாதத்திலிருந்து சம்பளத்தை இவ்வளவு உயர்த்துவேன் என்று சொல்லி, சொன்னபடி செய்யலாம். ஊழியர் பக்கமும் ஒரு கடமை உண்டு. தமக்குச் சேரவேண்டிய நிதிக் கணக்கை ஆண்டுக்கொருமுறையாவது கேட்டுப் பார்த்தல் வேண்டும். கேட்பது நன்றிகெட்ட செயலன்று. தன் உழைப்பை மதிப்பவன் செய்யும் செயல்.

நேயர்களே, கணக்குத் தீர்ந்த இடத்திலே கொடுக்கப்படும் பரிசுதான் பரிசு. கணக்குத் தீராத இடத்திலே கொடுக்கப்படுவது, கடனுக்கு வாங்கும் தவணையே. இவ்வாண்டு நத்தாருக்கு முன், வேலை கொடுப்போர் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பார்களாயின், பல வீடுகளிலே பொங்கல் வரையும் அதற்கு அப்பாலும் அடுப்பு எரியும்.